கார் புரளும் காட்சி: ராம்ப் எப்போது, கேனன் எப்போது?

மூன்றாம்கியர்:

வணக்கம். ஆக்‌ஷன் படங்களின் மேக்கிங் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன், ஒரு இடத்தில் நிற்கிறது. ‘கசினோ ராயல்’ (2006) படத்தில் நடுரோட்டில் கிடக்கும் காதலி வெஸ்பர் மேல் ஏற்றாமல் இருக்க பாண்ட் ஸ்டியரிங்கை ஒடிப்பார், ஆஸ்டன் மார்ட்டின் ஏழு முறை உருளும். முதலில் ராம்ப் (சாய்வு மேடை) வைத்துப் பார்த்தார்கள், வேலைக்கு ஆகவில்லை, பிறகு கேனனுக்குப் போனார்கள் என்று படித்தேன். நம்ம ஊர்ப் படங்களில் ஜீப் மாதிரி உயர வண்டிகள் ஒரு பக்க ராம்ப்பில் ஏறினாலே தலைகீழாகிவிடுகின்றன. அவ்வளவு வேகத்தில் வந்த ஸ்போர்ட்ஸ் கார் ஏன் கவிழவில்லை? கேனன் என்றால் வெடிமருந்தா, காற்றா? ‘தி டார்க் நைட்’ லாரியும் இதே வழியா? யூடியூபில் தேடினால் "உயிரைப் பணயம் வைத்து" என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. அளவும் காரணமும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆக்சில்:

வேகமாக வந்தால் கவிழும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். சமதளத்தில் ஒரு வண்டி பக்கவாட்டில் கவிழுமா, சறுக்குமா என்பதை இரண்டு அளவுகள்தான் முடிவு செய்கின்றன: இடது, வலது சக்கரங்களுக்கு நடுவே உள்ள அகலம், எடை மையம் தரையிலிருந்து இருக்கும் உயரம். அகலத்தில் பாதியை அந்த உயரத்தால் வகுங்கள். செடான் கார்களுக்கு 1.3 முதல் 1.5 வரை வரும். உயரமான எஸ்யூவி என்றால் 1.0 முதல் 1.2. தாழ்வான ஸ்போர்ட்ஸ் கார் 1.5-ஐ ஒட்டி நிற்கும். காய்ந்த தார்ரோட்டில் டயரின் பிடிப்பு எண் 0.8-லிருந்து 1.0 வரைதான். வகுத்து வந்த எண் பிடிப்பைவிடப் பெரிதாக இருந்தால், ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் வண்டி கவிழாது. டயர் கத்தும், கார் சறுக்கும், அவ்வளவுதான்.

ஆஸ்டன் மார்ட்டினில் நடந்ததும் அதுதான். பழைய பிஎம்டபிள்யூ கார்களை வைத்து ஒத்திகை பார்த்தபோது சின்ன ராம்ப்பிலேயே புரண்டன. அதை நம்பி 18 அங்குல ராம்ப்போடு ஆஸ்டனை ஓட்டினார்கள், புரளவில்லை. கணக்குப் போட்டால் ஏன் என்று புரியும். 18 அங்குலம் என்றால் 46 செ.மீ. சக்கர அகலம் 1.6 மீட்டர் என்று வைத்தால், ஒரு பக்கத்தை அவ்வளவு தூக்கினால் கார் சாய்வது 17 டிகிரிக்குள். அந்த மாதிரி தாழ்ந்த கார் தானாகக் கவிழ 55 டிகிரி பக்கம் சாய வேண்டும். ராம்ப்பின் உதைப்பு மீதியைக் கொடுத்திருக்க வேண்டும், கொடுக்கவில்லை.

அதனால் எஃபெக்ட்ஸ் மேற்பார்வையாளர் கிறிஸ் கோர்போல்டின் ஆட்கள் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் நைட்ரஜன் கேனன் வைத்தார்கள். கேனன் என்றதும் பீரங்கியைக் கற்பனை செய்யாதீர்கள். அது செங்குத்தாக நிற்கும் தடித்த உருளை, வாய் தரையைப் பார்த்திருக்கும், உள்ளே ஒரு உலோகத் தண்டு. பக்கத்துத் தொட்டியில் அழுத்தி வைத்த நைட்ரஜனை வால்வு ஒரே நொடியில் திறந்துவிட, தண்டு ரோட்டில் போய் உதைக்கும். ரோடு நகராது, கார் எழும்பும். ஸ்டண்ட் ஓட்டுநர் ஆடம் கர்லி மணிக்கு 80 மைல் வேகத்தில், அதாவது 130 கி.மீ. பக்கம் வந்து பட்டனைத் தட்டினார். ஏழு உருளல், கின்னஸ் பதிவு. எடுத்த இடம் இங்கிலாந்தின் மில்புரூக் வாகனச் சோதனைத் தடம்.

ஏழு உருளலையும் கேனன் கொடுப்பதில்லை, இதைக் கட்டுரையில் மறக்காமல் எழுதுங்கள். அது தொடங்கி வைப்பது முதல் புரளலை மட்டும். மிச்சமெல்லாம் முன்னோக்கி வந்த வேகம் உருளலாக மாறுவது.

இடம் தப்பினால் எல்லாம் தப்பும். எடை மையத்துக்கு நேர் கீழே வைத்தால் கார் தட்டையாக எழும்பி தட்டையாக விழும், ஓட்டுநரின் முதுகு தாங்காது. ரொம்பப் பின்னால் வைத்தால் வால் எழும்பி மூக்கு குத்தும். பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஓட்டுநர் இடப்பக்கம் ஒடித்தால் காரின் வலப்பக்கம் முன்னேறிப் போகும். அப்போது தூக்க வேண்டியது இடப்பக்கம். மாற்றி வைத்தால் கார் போகும் திசைக்கு எதிராகச் சுழல முயலும், ஒரு அரைப் புரளலோடு செத்துப்போகும்.

பழையரீல்:

ஆக்சில் சொன்னதோடு கொஞ்சம் வரலாறு. கேனன் ஆரம்பத்தில் காற்றில் ஓடவில்லை, கருமருந்தில்தான் ஓடியது. ஜான் வெய்ன் நடித்த ‘மெக்கியூ’ (1974) படத்துக்காக ஸ்டண்ட் கலைஞர் ஹல் நீதம் செய்தது. உருளைக்குள் மருந்து, அதன் மேல் மரக்கட்டைத் துண்டு. சோதனையில் மருந்து அதிகமாகிவிட்டது, கார் எகிறி விழுந்து நீதமுக்கே முதுகெலும்பு முறிந்தது. படத்தில் வரும் ஷாட்டை ஓட்டியவர் கேரி மெக்லார்ட்டி.

மருந்திலிருந்து நைட்ரஜனுக்கு மாறியதற்கு காரணம் வெறும் பயம் இல்லை. மருந்தின் வேகம் ஈரப்பதத்தைப் பொறுத்தும், எவ்வளவு இறுக்கி அடைத்தோம் என்பதைப் பொறுத்தும் மாறும். நேற்று சரியாக உதைத்த அதே அளவு இன்று கூட உதைக்கலாம். வாயுவில் அழுத்தமானியைப் பார்த்துத் துல்லியமாக ஏற்றலாம், இறக்கலாம், ஒத்திகையில் கிடைத்ததை ஷாட்டிலும் அப்படியே வாங்கலாம். சாதாரணக் காற்றை அடைக்காமல் நைட்ரஜனை எடுப்பது, அதில் ஈரம் இல்லை, எண்ணெயோ பெட்ரோலோ பக்கத்தில் இருந்தாலும் எரிய உதவாது என்பதால். எந்த ஊரிலும் சிலிண்டரில் கிடைக்கும்.

அதே 1974-ல் வந்த இன்னொரு பாண்ட் படம் ‘தி மேன் வித் த கோல்டன் கன்’. அதில் கார் ஓடையைத் தாண்டும்போது காற்றிலேயே 360 டிகிரி திருகி சக்கரத்தில் இறங்கும். தாய்லாந்தில் எடுத்தது. கேனன் கிடையாது, திருகலாக வளைத்த ராம்ப் மட்டும். அமெரிக்காவில் கார்னெல் ஆய்வகத்தோடு தொடர்புடைய ஆட்கள் விபத்து ஆராய்ச்சிக்காக எழுதிய கணினி நிரலில்தான் அந்த ராம்ப்பின் வடிவம் பிறந்தது. ஏஎம்சி ஹார்னெட் காரின் எடை இரண்டு பக்கமும் சமமாக இருக்க ஸ்டியரிங்கையும் ஓட்டுநரையும் நட்டநடுவில் உட்கார வைத்தார்கள். வேகம் மணிக்கு 64 கி.மீ.தான். ஒரே டேக்கில் முடிந்தது. பிறகு அதன் மேல் விசில் சத்தம் போட்டுக் கெடுத்தார்கள், அது வேறு கதை.

மூன்றாம்கியர்:

இரண்டு பேருக்கும் நன்றி. அப்படியென்றால் ராம்ப்பில் வேகம் கூடினால் நல்லதுதானே? உயர வண்டி, நீளமான ராம்ப் என்று வைத்துக்கொண்டால் எவ்வளவு வேகத்துக்கு என்ன நடக்கும் என்று தோராயமாகவாவது சொல்ல முடியுமா?

ஆக்சில்:

நல்லதில்லை. அங்கேதான் ராம்ப் ஆளை ஏமாற்றும். ஒரு கணக்கு போடுவோம். ராம்ப் 8 மீட்டர் நீளம், முனையில் 1.2 மீட்டர் உயரம். வண்டியின் சக்கர அகலம் 1.5 மீட்டர். ஒரு பக்கம் மட்டும் ஏறுகிறது. சஸ்பென்ஷன் அமுங்குவதைக் கழிக்கவில்லை. சக்கரம் எழும்பும் வேகத்தை அகலத்தால் வகுத்துச் சுழற்சியை எடுத்திருக்கிறேன். சாய்வு கூடும்போது சுழற்சியும் கூடுவதை இதில் சேர்க்கவில்லை, வெறும் தோராயக் கணக்கு.

முனையை விட்டுப் போகும்போதே வண்டி 53 டிகிரி சாய்ந்துவிட்டது. மணிக்கு 30 கி.மீ. வேகம் என்றால் சுழல்வது நொடிக்கு 48 டிகிரி, காற்றில் இருப்பது 0.4 நொடி. தரையைத் தொடும்போது 73 டிகிரி. பக்கவாட்டில் சாய்ந்து படுத்துக்கொள்ளும், உருளாது. 60 கி.மீ.யில் சுழற்சி இரட்டிப்பாகும், அரை நொடி மிதக்கும், 100 டிகிரி பக்கம் வந்து கதவுப் பக்கத்தில் விழுந்து உருளத் தொடங்கும். டைரக்டர் கேட்டது இதைத்தான். 100 கி.மீ.யில்? நொடிக்கு 159 டிகிரி, 0.6 நொடி மிதப்பு, ஏறத்தாழ 150 டிகிரி. அதாவது கூரை முதலில் தரையில் விழும். ஓட்டுநரின் தலைக்கு மேல் இருப்பது அந்தக் கூரைதான்.

ஒரே ராம்ப், ஒரே வண்டி, வேகம் மட்டும் மாறுகிறது. "இன்னும் கொஞ்சம் வேகமா வாங்க மாஸ்டர்" என்று மைக்கில் சொல்வது எவ்வளவு பெரிய விஷயம் என்று இதில் தெரியும். ஸ்பீடாமீட்டரை நம்பவும் கூடாது. டயர் அளவை மாற்றியிருந்தால் அது பொய் சொல்லும். ஜிபிஎஸ் வைத்து ஒத்திகையில் பார்த்து, எந்த கியர், எத்தனை ஆர்பிஎம் என்று குறித்துக்கொள்வதே வழக்கம். ஓட்டுநர் கடைசி 30 மீட்டரில் மீட்டரைப் பார்க்க மாட்டார், ராம்ப்பின் முனையைத்தான் பார்ப்பார்.

ராம்ப்பில் வேறு என்னென்ன தப்பும்? தரையில் ஆணி அடித்து இறுக்காத ராம்ப், வண்டி ஏறும்போது பின்னால் நகரும். வண்டிக்குக் கிடைக்க வேண்டிய தூக்கல் ராம்ப்பை நகர்த்துவதில் போய்விடும், பாதி சாய்ந்து நேராக ஓடும், நேர் எதிரே கேமரா இருக்கும். டயரில் காற்று குறைந்தால் ராம்ப்பின் விளிம்பு பட்டு டயர் ரிம்மை விட்டுக் கழன்றுகொள்ளும். வெறும் ரிம் தாரில் குத்தினால், நினைத்த இடத்துக்கு முன்னாலேயே வண்டி தடுக்கிக் கவிழும். வழக்கத்தைவிடக் காற்றை ஏற்றி வைப்பது அதற்குத்தான். இறங்கும் இடம் உழுத மண்ணா, இறுகிய தரையா என்பதும் முக்கியம். பொதபொதவென்ற மண்ணில் மூலை புதைந்து வண்டி சட்டென நிற்கும். பார்க்க அது சாதுவாகத் தெரியும். ஆனால் உள்ளே இருப்பவர் வாங்கும் அதிர்ச்சி, பத்து உருளலில் கிடைப்பதைவிட அதிகம். 2024-ல் வந்த ‘தி ஃபால் கை’ படத்தில் லோகன் ஹாலடே ஜீப் கிராண்ட் செரோக்கியில் எட்டரை உருளல் உருண்டு கின்னஸ் பதிவை ஏழிலிருந்து நகர்த்தினார். எடுத்த இடம் ஆஸ்திரேலியக் கடற்கரை. மணலில் செய்யும்போது அது எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதும் வேகத்துக்குச் சமமான ஒரு அளவு.

ராம்ப் கேனனைவிடச் சாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஒரு படப்பிடிப்பில் ராம்ப்பில் ஏறிய கார் கவிழ்ந்து ஸ்டண்ட் கலைஞர் ஒருவர் இறந்தார்.

பழையரீல்:

லாரிக் கேள்வியை யாரும் தொடவில்லை. ‘தி டார்க் நைட்’ (2008) லாரியும் கோர்போல்ட் வேலைதான், அதே நைட்ரஜன் யோசனை, அளவுதான் வேறு. 18 சக்கர லாரி. பக்கவாட்டில் புரளவில்லை, வால் தலைக்கு மேல் எழும்பிக் குப்புற விழுகிறது. ட்ரெய்லருக்குள் ராட்சத பிஸ்டன், அது ரோட்டில் ஊன்றி ட்ரெய்லரை நிமிர்த்துகிறது. கோர்போல்ட் முதலில் சின்ன வண்டியோடு முடித்துக்கொள்ளலாம் என்று கேட்டுப் பார்த்தார். டைரக்டர் நோலன் முழு லாரிதான் வேண்டும் என்று நின்றார்.

காருக்கும் லாரிக்கும் வேறுபாடு மூட்டில் இருக்கிறது. கேபினும் ட்ரெய்லரும் ஒரே ஒரு புள்ளியில் இணைந்தவை. பிஸ்டன் உதைக்கும்போது ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளினாலும் வண்டி நடுவில் மடங்கி, பேனாக்கத்தி மூடுவது மாதிரி பக்கத்துக் கட்டடத்தில் போய்ச் சாத்தும். எடுத்த இடம் சிகாகோவின் லாசல் தெரு, இரண்டு பக்கமும் வங்கிக் கட்டடங்கள். அதனால்தான் முதலில் திறந்தவெளியில் ஒரு லாரியை முழுசாகக் கவிழ்த்துப் பார்த்து, விழும் இடத்தை அளந்த பிறகு தெருவுக்கு வந்தார்கள். கேபினுக்குள் இருந்தவர் ஸ்டண்ட் ஓட்டுநர் ஜிம் வில்கி, சுற்றிலும் இரும்புக் கூண்டு. பிஸ்டன் தெரிந்த இடங்களைப் பிறகு கணினியில் அழித்தார்கள். லாரியை கணினியில் செய்யவில்லை.

இந்தப் படத்தின் வேலையில் உயிர் போனது கவிழ்த்த வண்டியில் இல்லை, படம்பிடித்த வண்டியில். 2007-ல் இங்கிலாந்தில் ஒரு ஸ்டண்ட் ஒத்திகையில் கூடவே ஓடிய வண்டி மரத்தில் மோதி, அதிலிருந்து கேமராவைப் பிடித்திருந்த எஃபெக்ட்ஸ் கலைஞர் கான்வே விக்லிஃப் இறந்தார். படம் அவருக்கும் ஜோக்கராக நடித்த ஹீத் லெட்ஜருக்கும் சமர்ப்பணம். ஸ்டண்ட் வண்டிக்குக் கூண்டு, பெல்ட் எல்லாம் இருக்கும். கேமரா வண்டிக்கும் அந்தக் கவனம் வேண்டும்.

அண்டர்க்ராங்க்:

கேமரா பக்கம் இரண்டு விஷயம். லாசல் தெரு ஷாட் ஐமேக்ஸ் ஃபிலிம். 65 மி.மீ. ஃபிலிம் படுக்கைவாட்டில் ஓடும், ஒரு ஃப்ரேமுக்கு 15 துளைகள். 1000 அடி சுருள் நொடிக்கு 24 ஃப்ரேமில் மூன்று நிமிடம்கூட வராது. லாரி கிளம்பி வேகம் பிடிக்கும் நேரத்தையும் சேர்த்தால், எப்போது கேமராவை ஓட விடுவது என்பதே ஒரு முடிவு. சீக்கிரம் ஓடவிட்டால் லாரி எழும்பும்போது சுருள் தீர்ந்திருக்கும். அந்தப் படத்தின் துரத்தல் காட்சியில் ஒரு ஐமேக்ஸ் கேமரா நொறுங்கியும் போனது.

வேகம் பற்றி. ஆக்சில் சொன்ன 60 கி.மீ. திரையில் சோம்பலாகத் தெரியும் என்று டைரக்டர் முகம் சுளிப்பார். அதற்கு ஓட்டுநரை விரட்ட வேண்டாம். கேமராவை நொடிக்கு 20 ஃப்ரேமில் ஓட்டி 24-ல் காட்டினால் 60 என்பது 72 ஆகத் தெரியும், யாருக்கும் ஆபத்தில்லை. 18-க்குக் கீழே போனால் புகையும் தூசியும் கோமாளித்தனமாகத் துள்ளும், காட்டிக்கொடுத்துவிடும். ‘மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட்’ (2015) படத்தில் பாதிக்கும் மேல் 24-ல் ஓடவில்லை என்று ஒளிப்பதிவாளர் ஜான் சீல் சொல்லியிருக்கிறார். உருளும் ஷாட்டுக்கு மட்டும் எதிர்ப்பக்கம் போங்கள். 48-ல் ஒரு கேமராவாவது வேண்டும், இல்லாவிட்டால் எடிட்டருக்கு அந்த ஒன்றரை நொடியில் வெட்ட இடமே கிடைக்காது.

உருளும் பாதையில் ஆள் நிற்கும் கேமரா கிடையாது. இரும்புப் பெட்டிக்குள் வைத்து, தரையில் இறுக்கி, தூரத்திலிருந்து ஓட்டுவதுதான். நீளமான லென்ஸில் பார்த்தால் 40 மீட்டர் தள்ளி இருப்பதும் முகத்தில் வந்து மோதுவது மாதிரித்தான் தெரியும்.

ஆக்சில்:

கூண்டு பற்றிச் சொல்லிவிடுகிறேன், கட்டுரைக்கு உதவும். சர்வதேச கார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் விதியைப் பின்பற்றினால், ஓட்டுநருக்குப் பின்னால் வரும் முக்கிய வளையம் 45 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. தடிமன் உள்ள தையலில்லாத எஃகுக் குழாய். மற்றவை 38 மி.மீ., அதே தடிமன். வளையங்கள் தரையைத் தொடும் ஒவ்வொரு காலின் கீழும் 3 மி.மீ. தகடு, பரப்பு குறைந்தது 120 ச.செ.மீ. தகடு இல்லாமல் மெல்லிய தரைத்தகட்டில் நேராக வெல்டிங் வைத்தால், முதல் அடியிலேயே கால் தரையைத் துளைத்து இறங்கும். குழாய்க்கு ஒன்றும் ஆகாது, ஆனால் கூண்டு மொத்தமும் 10 செ.மீ. தாழ்ந்துவிடும். தண்ணீர்க் குழாய்க்கு வரும் ஜிஐ பைப் வேண்டவே வேண்டாம். அது நீளவாக்கில் ஒட்டிய குழாய், நசுங்கும்போது அந்த ஒட்டில் பிளக்கும். துத்தநாகப் பூச்சு வெல்டிங்கில் ஓட்டை ஓட்டையாகக் குமிழும், கிளம்பும் புகையும் கெட்டது.

வண்டியில் கழற்ற வேண்டியவை: ஏர்பேக் முழுவதும். கேனன் உதைக்கும் அதிர்ச்சியை விபத்து என்று நினைத்து அது ஓட்டுநர் முகத்தில் வெடிக்கும். ஏபிஎஸ், ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் இரண்டும் வேண்டாம், ஓட்டுநர் பக்கவாட்டில் சறுக்கப் பார்க்கும்போது கணினி நேராக்கப் பார்க்கும். பெட்ரோல் தொட்டியை எடுத்துவிட்டு நுரை அடைத்த சின்னத் தொட்டியில் ஷாட்டுக்கு வேண்டிய இரண்டு மூன்று லிட்டர் மட்டும். பக்கக் கண்ணாடிகள் வெளியே, அந்த இடத்தில் கை வெளியே போகாதபடி வலை. கதவுகள் திறக்காதபடி ஊசி. மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று.

பெல்ட் ஆறு முனை. தொடைக்கு நடுவே வரும் பட்டையை "அது எதுக்கு, குத்துது" என்று சிலர் போடாமல் விடுவார்கள். அது இல்லாவிட்டால் உடம்பு பெல்ட்டுக்கு அடியில் வழுக்கி இறங்கி, இடுப்புப் பட்டை வயிற்றில் ஏறும். பட்டனைத் தட்டிய கணமே கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து மார்பில் கட்டிக்கொள்ள வேண்டும். முன்சக்கரம் எதிலாவது இடித்தால் ஸ்டியரிங் சுழன்று கட்டைவிரலை ஒடிக்கும்.

ஷாட்டில் கேனன் வெடிக்காமல் போகும் வாய்ப்பும் உண்டு. பட்டன் வயர் கழன்றிருக்கலாம், வால்வு ஒட்டியிருக்கலாம். ஓட்டுநர் பட்டனைத் தட்டினார், கார் சும்மா சறுக்கி நின்றது. எல்லாரும் "என்னாச்சு" என்று காரை நோக்கி ஓடுவார்கள். ஓடக் கூடாது. தொட்டியில் முழு அழுத்தமும் அப்படியே இருக்கிறது, உருளையின் வாய் தரையைப் பார்த்திருக்கிறது, மேலே ஓட்டுநர் உட்கார்ந்திருக்கிறார். அவர் பட்டனிலிருந்து கையை எடுத்து இரண்டு கையையும் வலைக்கு அருகில் காட்ட வேண்டும். எஃபெக்ட்ஸ் ஆள் ஒருவர் மட்டும், ஏற்கெனவே நீளக் குழாயோ வயரோ போட்டு வைத்த திறப்பு வால்வைத் தூரத்திலிருந்து திறந்து வாயுவை வெளியேற்ற வேண்டும். சீறல் நின்று அழுத்தமானி பூஜ்யம் காட்டிய பிறகுதான் கதவு ஊசியை உருவலாம்.